குளவியும் மண்ணெண்ணெயும்

இலக்கியத் தொடரிலே ஸ்கூட்டருக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் கப்பலில் வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை பாடிய புலவர் விட்டுவிடவில்லை. மிளகு மூடைகளையும் விட்டுவிடவில்லை. ஒரு துறையில் என்ன வந்து இறங்கியது, இறங்கியதை ஊரார் எப்படி வைத்து ஆண்டார்கள் என்பது அன்று பாடுபொருளாக இருந்தது. திருக்கோணமலைத் துறைமுகத்தை அண்டிப் பிறந்து வளர்ந்து, அதே ஊரில் இந்துக் கல்லூரியொன்றிலே தமிழ் படிப்பிக்கும் நான், குதிரைக்குப் பதிலாக ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகும் ஸ்கூட்டருக்கும் ஒரு குதிரையின் பெயர்தான்.

கைவிடப்பட்டு ஆண்டுக்கணக்காகக் கிடந்த ஸ்கூட்டரை மீண்டும் ஓட வைப்பது ஒரு வித்தை. அந்த வித்தையை நம்மவர்கள் எங்கே, எந்த நெருக்கடியில் கற்றுக்கொண்டார்கள் என்பது எந்தப் பாடநூலிலும் ஏறாத வரலாறு. அதைத்தான் இன்று பேச விரும்புகிறேன்.

1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் திகதி காலையில் யப்பானிய விமானங்கள் திருக்கோணமலையைத் தாக்கின. நான்கு நாட்களுக்கு முன்னர், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டிருந்தது. எங்கள் ஊரின் மீது குண்டு போட்டவை நாகாஜிமா நிறுவனத்தின் விமானங்கள். அவற்றுக்குக் காவலாக வந்த ‘சீரோ’ விமானங்களை வடிவமைத்தது மிற்சுபிசி நிறுவனம். துறைமுகமும் சீனக்குடா விமானத்தளமும் சேதமடைந்தன. யுத்தத்துக்கு முன்னரே பிரித்தானியர் அங்கு கட்டி வைத்திருந்த பாரிய எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்று எரிந்து அழிந்தது. அந்த நாளைக் ‘குண்டு போட்ட நாள்’ என்று என் பாட்டனார் காலத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

யுத்தம் முடிந்தபின் தோற்ற யப்பானுக்கு விமானம் செய்யத் தடை விதிக்கப்பட்டது. நாகாஜிமா நிறுவனம் பூஜி சங்கியோ என்று பெயர் மாறி, கையில் மிஞ்சிய பொருட்களை வைத்துக்கொண்டு என்ன செய்து பிழைக்கலாம் என்று யோசித்தது. 1946இல் அது ‘ரபிட்’ என்ற ஸ்கூட்டரைச் செய்தது. குண்டுவீச்சு விமானங்களுக்கென்று செய்து மிஞ்சிக் கிடந்த வாற்சக்கரங்கள் ஆரம்பத்தில் அந்த வண்டிக்குப் பயன்பட்டன. அதே ஆண்டில் மிற்சுபிசியும் ‘சில்வர் பிஜன்’ என்றொரு ஸ்கூட்டரை வெளியிட்டது. ஒன்று முயல், மற்றது வெள்ளிப் புறா. எங்கள் துறைமுகத்தின் மேலே பறந்த விமானங்களைச் செய்த இரண்டு நிறுவனங்களும் நாலே ஆண்டுகளில் முயலும் புறாவும் செய்ய வந்துவிட்டன!

இத்தாலியிலும் ஏறத்தாழ இதே கதைதான். பொன்தெதேரா என்ற ஊரில் பியாஜியோ நிறுவனத்தின் விமானத் தொழிற்சாலை குண்டுவீச்சில் தகர்ந்து கிடந்தது. சனங்களுக்கு மலிவாக ஒரு வண்டி வேண்டும் என்று எண்ணிய என்றிக்கோ பியாஜியோ, ஹெலிகொப்டர் ஆய்வில் பேர்போன பொறியியலாளர் கொறதினோ தஸ்கானியோவிடம் வேலையை ஒப்படைத்தார். தஸ்கானியோவுக்கு மோட்டார் சைக்கிள் என்றாலே ஆகாது. உடுப்பில் எண்ணெய் படும், ரயர் மாற்றுவது பெரும்பாடு, சங்கிலி அழுக்கு என்று அவருக்கு ஆயிரம் குறை. ஆகவே எஞ்சினைத் தகட்டுக்குள் மறைத்தார், சங்கிலியை ஒழித்தார், விமானத்தின் இறங்குசக்கரத்தைப் போல முன்சக்கரத்தை ஒரு பக்கத் தண்டிலே பொருத்தினார். 1946 ஏப்பிரல் 23ஆம் திகதி காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்ட அந்த வண்டியே வெஸ்பா. இத்தாலிய மொழியில் வெஸ்பா என்றால் குளவி. மறு ஆண்டே மிலானிலிருந்து லம்பிரெட்டா அதற்குப் போட்டியாக வந்தது. சேலை கட்டியவரும் வேட்டி கட்டியவரும் கால் தூக்கிப் போடாமல் ஏறி உட்காரக்கூடிய மோட்டார் வண்டி நம் பக்கத்துக்குக் கிடைத்தது, மோட்டார் சைக்கிளை வெறுத்த ஒரு மனிதரால் என்பதை நினைக்க எனக்கு எப்போதும் ஒரு சிரிப்பு வரும்.

இந்தியாவில் 1960 அளவில் பஜாஜ் நிறுவனம் பியாஜியோவின் அனுமதியோடு வெஸ்பாவைச் செய்யத் தொடங்கியது. 1971இல் அந்த ஒப்பந்தம் முடிந்தது. அடுத்த ஆண்டு அதே அச்சில் தன் சொந்தப் பெயரோடு ஒரு வண்டியை வெளியிட்டது. ராணா பிரதாப்பின் குதிரை சேட்டக்கின் பெயர் அதற்கு. இந்தியாவில் பணம் கட்டிவிட்டு அந்த வண்டிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். பத்தாண்டு காத்திருந்தவர்களும் உண்டு. இலங்கையில் நிலைமை வேறு விதம். அறுபதுகளின் தொடக்கத்திலிருந்தே அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி இறுக்கப்பட்டது. எழுபது முதல் எழுபத்தேழு வரை அந்த இறுக்கம் உச்சத்தில் இருந்தது. இருந்த வண்டியைச் சாகவிடாமல் பார்க்கும் பழக்கம் அக்காலத்தில்தான் இந்நாட்டில் ஊன்றியது. ஐம்பதுகளில் வந்த ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் யாழ்ப்பாணத்து வீதிகளில் அரை நூற்றாண்டு ஓடியதன் இரகசியம் வேறொன்றுமில்லை. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் இந்தியாவில் காத்துக்கிடந்து வாங்கவேண்டிய ஸ்கூட்டரை இங்கே காசைக் கொடுத்து உடனே ஓட்டிக்கொண்டு போகலாம் என்றானது.

என் பெரியப்பா துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். 1982இல் ஒரு சேட்டக் வாங்கினார். காலையில் உட்துறைமுக வீதி வழியே அவர் போவதை வைத்து அயலவர்கள் நேரம் பார்த்தார்களாம். 1990 யூனில் மீண்டும் யுத்தம் மூண்டபோது ஊரில் பெரும்பகுதி வெளிக்கிட்டது. பெரியப்பா குடும்பம் படகேறி மண்டபம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தது. போகுமுன் ஸ்கூட்டரைத் தகரக் கொட்டிலுக்குள் தள்ளி, படங்குச் சீலையால் மூடி, முன்னால் விறகு அடுக்கிவிட்டுப் போயிருக்கிறார். 2003இல் அவர்கள் திரும்பி வந்தபோது விறகு இல்லை, ஸ்கூட்டர் இருந்தது. அதை விற்கச் சொன்னவர்களுக்கெல்லாம் அவர் சொன்ன பதில் ஒன்றே: “அது கிடக்கட்டும்.” இன்னும் பத்தொன்பது வருடம் அது கிடந்தது.

இந்த இடத்தில் வடக்கே நடந்ததைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1990க்குப் பின் வந்த பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் போகவில்லை, பற்றரியும் போகவில்லை. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுமட்டாகப் போனது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. நீங்கள் இப்போது கேட்டுக்கொண்டிருப்பது போன்ற நிகழ்ச்சிகளை ஒருவர் சைக்கிள் மிதிக்க நாலு பேர் இருந்து கேட்டார்கள். மோட்டார் சைக்கிளும் காரும் அந்த நாட்களில் மண்ணெண்ணெயில் ஓடின.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நான் படித்த காலத்தில் விடுதி நண்பர்கள் இந்த வித்தையை எனக்கு விளக்கியிருக்கிறார்கள். பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டும். ஆகவே சிறு போத்தலில் பொன்போலப் பாதுகாத்த பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குக் காட்டி எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். வழியில் நின்றால் மறுபடியும் போத்தல். மண்ணெண்ணெய் எஞ்சினுக்குள் நேரம் தப்பி வெடித்து ‘தட்டும்’; அதைத் தணிக்கச் சிலிண்டர் தலைக்குக் கீழே இன்னொரு தகட்டை வைத்து அமுக்கத்தைக் குறைத்தார்கள். வண்டி போனபின்னும் அந்த மணமும் வெண்புகையும் ஒழுங்கையில் நிற்குமாம். பல்கலைக்கழகங்களில் அக்காலத்துக் கவிதை பற்றி ஆய்வுகள் எழுதப்பட்டுள்ளன. அந்தச் சிறு போத்தலைப் பற்றியும் யாராவது ஒரு ஆய்வு எழுதியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

இனி 2022க்கு வருவோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. 2022 ஏப்பிரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதென்று அறிவித்தது. யூன் கடைசியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபா. அதுவும் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்றார்கள். சீனக்குடாவில் 99 தாங்கிகள் நிற்கின்றன, நேயர்களே. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். அதே ஆண்டு சனவரியில்தான் அவற்றுள் 14ஐ லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கும், 24ஐப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61ஐ இரண்டும் கூடிய கம்பனிக்கும் என்று பங்கிட்டு ஒப்பந்தம் எழுதினார்கள். அந்தத் தாங்கிகள் நிற்கும் ஊரில் நாங்கள் வெறும் கானோடு வரிசையில் நின்றோம். கூட்டுத்தாபனத்தின் கையிருப்பு வற்றிய நாட்களில் ஐ.ஓ.சி. சீனக்குடாவிலிருந்து விநியோகித்ததென்பதையும் சொல்லவேண்டும். ஆனால் நாட்டின் தேவைக்கு அது காணுமா?

யூலையில் கியூ.ஆர். அட்டை வந்தது. பதிவிலக்கமும் அடிச்சட்டக இலக்கமும் கொடுத்தால் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். பாடசாலைகள் அம்மாதம் 25ஆம் திகதி திறந்தபோது வாரத்தில் மூன்று நாட்கள்தான் என்றார்கள். என் உயர்தர வகுப்புப் பிள்ளைகளில் பாதிப்பேர் தம்பலகாமப் பக்கம், பஸ் இல்லை. அவர்களை வரச் சொல்வதைவிட நான் போவது சுலபம் என்று பட்டது. என்னிடம் சொந்த வண்டி இல்லை. புதிது நாட்டுக்குள் வராது. பழையதின் விலையோ ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாது. பெரியப்பாவின் பதிவுப் புத்தகம் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. மண்டபம் வரை போய்த் திரும்பிய புத்தகம் அது.

ஊரில் ஸ்கூட்டர் திருத்துபவர்கள் அருகிவிட்டார்கள். கடைசியில் கைகொடுத்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு நானா. மீனவர்களின் படகு எஞ்சின்களைத் திருத்துவது அவருடைய தொழில். படகின் பின்னால் மாட்டும் அந்த எஞ்சின்களிற் பலவும் இருஅடிப்பு எஞ்சின்கள். அவையும் பெற்றோலில் உயிர்த்து மண்ணெண்ணெயில் ஓடுபவை. வடக்கில் தடை கற்பித்த வித்தை இங்கே கடலிலே அன்றாடம் நடந்துகொண்டிருக்கிறது! உப்புக் காற்றில் இறுகிய இரும்பை இளக்குவதும் அவருக்குக் கைவந்த கலை. ஸ்கூட்டரைச் சுற்றி ஒரு தரம் நடந்துவிட்டு, “எஞ்சினில சாமான் கொஞ்சந்தான் சேர். மூணு சாமான் அசைஞ்சாப் போதும், ஓடும்” என்றார். பிஸ்டன், அதைத் தாங்கும் தண்டு, கிராங்க். அந்த மூன்றையும் சொல்கிறார். வால்வு என்ற சங்கதி அதில் இல்லை. தஸ்கானியோவின் எளிமையை அவர் ஒரே வசனத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

நான் ஆர்வத்தில் உதைக்கப் போனேன். “உதைக்க வாணாம் சேர், ரிங் உடையும்” என்று தடுத்தார். பிளக்கைக் கழற்றி அந்தத் துளை வழியே டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றினார். “ஒரு கிழமைக்குத் தொட வாணாம்.” ஒரு கிழமை கழித்து மக்னெற் சக்கரத்தைக் கையால் பிடித்து, குழந்தையின் தொட்டிலை ஆட்டுவதுபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொஞ்சங்கொஞ்சமாக அசைத்தார். மூன்றாம் நாள் அது முழுச் சுற்றுச் சுற்றியது.

பெற்றோல் தாங்கிக்குள் துரு. சிறு சங்கிலித் துண்டையும் மண்ணெண்ணெயையும் உள்ளே போட்டு மாறி மாறிக் குலுக்கினோம்; செந்நிறக் குழம்பாக வந்தது. காபரேற்றரில் இருந்த பெற்றோல் முப்பது வருடத்தில் ஆவியாகி, அதிற் கலந்திருந்த ஒயில் மட்டும் அரக்குப்போல உறைந்திருந்தது. அதை ஊறவைத்து இளக்கி, ஜெற்றின் கண்ணை மின்கம்பியின் ஒற்றைச் செப்பு இழையால் துலக்கினார் நானா. ஊசி விட்டுக் குத்துபவர்களை அவருக்குப் பிடிக்காது. கண் பெருத்தால் வண்டி பெற்றோல் குடிக்கும், வாரத்துக்கு நாலு லீற்றர் காலத்தில் அது கட்டாது என்பார். பொயின்றை மெல்லிய அரத்தாளால் தேய்த்தார். கண்டென்சர் புதிது. காலடித் தகடு உப்பில் அரித்து ஓட்டையாகியிருந்தது. எண்ணெய்ப் பீப்பாய்த் தகரம் வெட்டி ஒட்டினோம்.

பெரிய சிக்கல் கிராங்கின் இரு பக்கமும் இருக்கும் றப்பர் சீல்கள். கல்லாக இறுகிவிட்டன. அவை சரியில்லாவிட்டால் காற்று உள்ளே போய் எஞ்சின் தறிகெட்டு ஓடும். இங்கே வரலாறு ஒரு உதவி செய்திருந்தது. இலங்கை முழுவதும் ஓடிய பழைய பஜாஜ் முச்சக்கரவண்டிகளின் இருஅடிப்பு எஞ்சின் சேட்டக்கின் எஞ்சினுக்கு உடன்பிறப்பு; கொள்ளளவும் ஒன்றே, 145 கன சென்ரிமீற்றர். 2008இலிருந்து இருஅடிப்பு முச்சக்கரவண்டி இறக்குமதி தடைசெய்யப்பட்டுவிட்டது என்றாலும், பழைய கடைகளின் அலுமாரி மூலைகளில் சாமான் இன்னும் கிடக்கிறது. அனுராதபுரச் சந்திப் பக்கம் இரண்டு நாள் அலைந்து அந்தச் சீல்களை எடுத்தேன்.

தமிழாசிரியன் என்பதால் ஒரு சிறு இடைப்பேச்சு. நம் விஞ்ஞானப் பாடநூல்களில் பிஸ்டனை ‘முசலம்’ என்று எழுதியிருக்கிறோம். முசலம் என்றால் உலக்கை. நானாவிடம் முசலம் என்றால் மீன் பெயரோ என்று கேட்பார். ஆனால் அவர் வாயில் வரும் சொற்களைக் கவனித்தேன். எஞ்சின் ‘மூச்சு விடுது’ என்றார். பிளக் ‘நனைஞ்சிட்டுது’ என்றார். இறுகிய பிஸ்டனை ‘பிடிச்சிருக்கு’ என்றார், அது ‘விட்டுக் கொடுத்திட்டுது’ என்றார். பெயர்ச்சொல் எல்லாம் ஆங்கிலம், வினைச்சொல் எல்லாம் தமிழ். கலைச்சொல் ஆக்கும் நாங்கள் பெயர்களிலேயே பாடுபட்டு, வினைகளைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று எனக்குப் படுகிறது.

ஆகஸ்ட் நடுப்பகுதியில் ஒரு பின்னேரம், கிடைத்த பெற்றோலில் ஒரு லீற்றரை ஊற்றினோம். அந்த வண்டிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு: ஸ்ரார்ட் ஆகாவிட்டால் ஒரு பக்கம் சரித்து நிமிர்த்திவிட்டு உதைக்க வேண்டும். எட்டாவது உதையில் பிடித்தது. வளவு முழுக்க நீலப் புகை. எண்பது வயதைத் தாண்டிய பெரியப்பா விறாந்தையில் கதிரையைவிட்டு எழும்பவில்லை. கேட்டது ஒன்றுதான்: “ஒயில் கலந்தனியே?” இருஅடிப்பு எஞ்சினுக்குப் பெற்றோலோடு ஒயில் கலக்காவிட்டால் அன்றோடு அதன் கதை முடிந்தது. முப்பத்திரண்டு வருடத்துக்குப் பின்னும் மனிதருக்கு முதலில் வந்தது அந்தக் கவலைதான்.

நாலு லீற்றரில் அது 160 கிலோமீற்றர் அளவில் ஓடியது. தம்பலகாமத்துக்கு வாரத்தில் இரண்டு முறை போய்வர அது போதும். அந்த ஆண்டின் உயர்தரப் பரீட்சை பின்தள்ளப்பட்டு 2023 சனவரியில்தான் தொடங்கியது, அதுவரை போய்வந்தேன்.

ஸ்கூட்டர் ஓடத் தொடங்கிய அதே மாதம், ஆகஸ்ட் 2022இல், மண்ணெண்ணெயின் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. ஸ்கூட்டரை மீட்டுக் கொடுத்த நானாவின் கொட்டிலுக்கு முன்னால் படகு எஞ்சின்கள் வரிசையாக வந்து கிடந்தன. அவற்றில் பெரும்பாலானவை பழுதில்லாதவை. கடலுக்குப் போகக் கட்டாது என்று மீனவர்கள் கழற்றிக் கொண்டுவந்து, துருப்பிடியாமல் கழுவி ஒயில் பூசி வைக்கச் சொன்னார்கள். ஒரு வண்டி கிளம்பிய நாட்களில் எத்தனையோ படகு கரையேறியது. அந்த எஞ்சின்களிற் சில மீண்டும் கடலுக்குப் போகவே இல்லை.

கியூ.ஆர். முறை 2023 செப்ரெம்பர் முதலாம் திகதியோடு நின்றது. 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதியும் திறக்கப்பட்டது. இனி யார் பழைய ஸ்கூட்டரைத் தேடப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் புதிதின் விலை எங்களுக்கு எட்டுவதாக இல்லை. அந்த நெருக்கடிக் காலத்தில் கொட்டில்களுக்குள்ளிருந்து வெளியே வந்த வண்டிகள் இப்போதும் நானாவிடம் வந்துகொண்டிருக்கின்றன. சீலுக்கும் ரிங்குக்கும்தான் தட்டுப்பாடு; பழைய முச்சக்கரவண்டிகள் இரும்புக்குப் போகும் இடங்களுக்கு அவர் இப்போது முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார். போன கிழமை மூதூரிலிருந்து ஒருவர் லொறியில் ஒரு லம்பிரெட்டாவை ஏற்றி வந்து இறக்கியிருந்தார். பிஸ்டன் பிடித்திருக்கிறது. பிளக்கைக் கழற்றி, டீசலும் மண்ணெண்ணெயும் ஊற்றி, தொடவேண்டாம் என்று நானா அதன் கைபிடியில் ஒரு துணித்துண்டைக் கட்டிவிட்டிருக்கிறார்.